காஷ்மீர்க் கல்லறையா, ரோமச் சதியா, கலகக்காரரா: எந்தக் கோட்பாட்டுக்கு நேரம் கொடுப்பது?

போன டிசம்பரில் என் அக்கா மகன் அடுத்தடுத்து மூன்று காணொளிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முதலாவது, இயேசு சிலுவையில் சாகவில்லை, ஸ்ரீநகரில் அடக்கமாகியிருக்கிறார் என்றது. இரண்டாவது, அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்றது. மூன்றாவது, ரோமப் பேரரசர் குடும்பமே ஆள் வைத்துச் சுவிசேஷங்களை எழுதவைத்தது என்றது. கீழே ஒரு வரி: "மாமா, மூணும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது. பரீட்சை முடிஞ்சதும் ஒண்ணை மட்டும் உருப்படியா படிக்கலாம்னு இருக்கேன். எது?"

ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, பின்னாளில் இந்தக் கேள்விகளோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் நான். அதனால் "இதெல்லாம் பிதற்றல், விடு" என்று ஒரே வரியில் பதில் போட மனசு வரவில்லை. சிலது பிதற்றல்தான். சிலது தவறான பதிலாக இருந்தாலும் சரியான கேள்வியிலிருந்து கிளம்பியவை. அவனிடம் துண்டு துண்டாகச் சொன்னதை, அந்த மூன்றோடு இதேபோல் சுற்றும் வேறு சில கோட்பாடுகளையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு கோட்பாட்டிடமும் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். ஒன்று: ஆதிச் சபையின் போதகரான பவுல், இயேசுவின் சீடரான பேதுருவோடு தங்கிய அந்தப் பதினைந்து நாளை இது என்ன செய்கிறது? இரண்டு: கடைசியில் தவறென்றே முடிந்தாலும், படித்தவன் கையில் என்ன மிஞ்சும்?

முதல் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். கிறிஸ்தவத்தின் தொடக்கம் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்கள் அல்ல, பவுலின் நிருபங்கள், அதாவது கடிதங்கள். அவர் பெயரில் 13 இருக்கின்றன. அவற்றில் 7 அவர் எழுதியவைதான் என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. அவை கி.பி. 50களைச் சேர்ந்தவை. மாற்கு சுவிசேஷம் கி.பி. 70ஐ ஒட்டியது, மற்ற மூன்றும் அதற்குப் பிறகு வந்தவை. கலாத்தியருக்கு எழுதும்போது பவுல், தான் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும், "கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைத்" தவிர வேறு அப்போஸ்தலரைப் பார்க்கவில்லை என்றும் சொல்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, அந்தியோகியாவில் அதே பேதுருவை முகத்துக்கு முகம் எதிர்த்த கதை வருகிறது. யாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் வந்த சண்டை அது. புனைகதைக்கு இப்படி ஒரு சில்லறைச் சண்டை தேவைப்படாது. கோபத்தில் எழுதிய கடிதம் இது. கோபத்தில் எழுதியவன், தன்னை மறுக்கக்கூடிய ஆட்கள் உயிரோடு இருக்கும்போது எழுதியிருக்கிறான். அதனால்தான் எனக்கு இது அளவுகோல்.

சரி, ரோமச் சதியிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கரான ஜோசப் அட்வில் 2005இல் வெளியிட்ட வாதம் இது. கி.பி. 66இல் வெடித்த யூதக் கிளர்ச்சியை அடக்கிய வெஸ்பாசியனும் அவர் மகன் தித்துவும், யூதர்களைச் சாந்தப்படுத்த அமைதி பேசும் ஒரு மேசியாவை, அதாவது யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரை, உருவாக்கினார்களாம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிய போர் வரலாற்றில் தித்துவின் படையெடுப்பு நடக்கும் வரிசையும், சுவிசேஷங்களில் இயேசுவின் ஊழியம் நடக்கும் வரிசையும் ஒத்துப்போகிறதாம். கலிலேயாக் கடலோரம் இயேசு "மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன்" என்கிறார், அதே ஏரியில் ரோமர்கள் தண்ணீரில் தத்தளித்த யூதர்களைக் கொன்றார்கள் என்று இணை காட்டுகிறார் அட்வில். முதல் தடவை படிக்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அளவுகோலை வைத்தால் அங்கேயே முடிந்துவிடுகிறது. பவுலின் நிருபங்கள் அந்தப் போருக்கு முந்தியவை. கி.பி. 64இல் ரோம் எரிந்தபோது நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழிபோட்டதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார், அதுவும் போருக்கு முன்னால்தான். ஏறக்குறைய கி.பி. 112இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களை விசாரித்துத் தனக்குப் பழக்கமில்லை, என்ன செய்வது என்று அதில் கேட்கிறார். அரசே தயாரித்த மதத்தைப் பற்றி அந்த அரசின் ஆளுநரே இப்படிக் கேட்பாரா? இயேசு என்ற மனிதரே இல்லை என்று வாதிடும் ரிச்சர்ட் கேரியர்கூட அட்விலை ஏற்கவில்லை. தவறென்று ஆனபின் இதில் மிஞ்சுவது யோசேப்பஸ் மட்டும்தான். அவரை நேராகவே படித்துவிடலாம்.

காளான் கோட்பாட்டை நினைத்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. ஜான் அலெக்ரோ சாதாரண ஆள் அல்ல. சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த பழைய யூத ஏடுகளான சாக்கடல் சுருள்களைப் பதிப்பித்த முதல் குழுவில் இருந்தவர், மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆசிரியர். அவற்றில் ஒன்றான செப்புச் சுருளை அந்த நகரத்துக்குக் கொண்டுபோய் அறுத்துத் திறக்க வழிசெய்ததில் அவருக்குப் பங்குண்டு. அப்படிப்பட்டவர் 1970இல், கிறிஸ்தவம் என்பது போதைதரும் சிவப்புக் காளானைச் சுற்றிய ரகசிய வழிபாடு, இயேசு என்பது அந்தக் காளானுக்கான மறைபெயர் என்று எழுதினார். ஆதாரம் சொல்லாராய்ச்சி. எபிரேய, கிரேக்கப் பெயர்களுக்கெல்லாம் சுமேரிய வேர் தேடினார். அந்த வேர்களில் பல எந்தக் களிமண் பலகையிலும் இல்லாதவை, அவரே ஊகித்து அமைத்தவை. மொழி தெரிந்த அறிஞர்கள் சேர்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதி மறுத்தார்கள். அவர் கல்விவாழ்க்கை அதோடு போயிற்று. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொல்லுக்கு வேர் காண்பதில் உள்ள ஆபத்தைக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது. உலக மொழி எல்லாவற்றுக்கும் வேர் தமிழில் என்று பட்டியல் போடும் நம்மவர்களும் ஒருமுறை பார்க்க வேண்டிய கதை. ஆனால் பாடத்துக்கு இரண்டு பக்கம் போதும், ஒரு புத்தகம் வேண்டாம்.

மகதலேனா மரியாளுக்கும் இயேசுவுக்கும் பிறந்த வம்சம் பிரான்சில் தழைத்தது என்பதை இன்னும் சுருக்கமாகவே முடிக்கலாம். அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆவணங்கள் 20ஆம் நூற்றாண்டில் பியேர் பிளாந்தார் என்பவரின் ஏற்பாட்டில் தயாராகிப் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டவை. 2012இல் "இயேசுவின் மனைவி" என்று ஒரு பாப்பிரஸ் துண்டு வந்தது. அதுவும் போலி என்பதே முடிவானது, அதை உலகுக்கு அறிமுகப்படுத்திய பேராசிரியரே 2016இல் போலியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

ரோமர்கள் வழிபட்ட மித்திரன், எகிப்தியத் தெய்வங்களான ஹோரஸ், ஒசிரிஸ் கதைகளிலிருந்து இயேசு கதையைக் காப்பியடித்தார்கள் என்ற வாதம்தான் இணையத்தில் அதிகம் சுற்றுகிறது. மூலங்களைத் திறந்து பார்த்தால் பாதி இணைகள் கரைந்துவிடுகின்றன. மித்திரன் கன்னியிடம் பிறக்கவில்லை, பாறையிலிருந்து வெளிவருகிறான். ஒசிரிஸ் திரும்பி வந்து நம்மிடையே நடக்கவில்லை, பாதாளத்துக்கு அரசனாகிறான். ஹோரஸைச் சிலுவையில் அறைந்ததாக எந்த எகிப்தியச் சுவரிலும் இல்லை. டிசம்பர் 25 சுவிசேஷத்திலேயே கிடையாது, அந்தத் தேதி எழுத்தில் வருவது 4ஆம் நூற்றாண்டில். கிரேக்க, ரோமச் சூழல் கிறிஸ்தவத்தின்மேல் படியவே இல்லை என்று நான் சொல்லவில்லை. படிந்தது, பின்னால் நிறையவே படிந்தது. ஆனால் பவுலும் பேதுருவும் சண்டை போட்டது யூதச் சட்டத்தைப் பற்றி, அதன் சாப்பாட்டு விதிகளைப் பற்றி. அந்த அறையில் மித்திரன் இல்லை.

இனி காஷ்மீர். இங்கே கொஞ்சம் உட்கார்ந்துதான் போக வேண்டும்.

இதில் இரண்டு தனிக்கதைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, நிக்கொலாய் நொட்டோவிச் என்ற ரஷ்யப் பத்திரிகையாளர் 1894இல் பாரிசில் வெளியிட்டது. லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் கால் முறிந்து கிடந்தபோது லாமா ஒருவர் "ஈசா"வின் வாழ்க்கையைச் சுவடியிலிருந்து படித்துக்காட்டினாராம். இளம்வயதில் இயேசு இந்தியாவுக்கு வந்து படித்தார் என்பது கதை. அதே வருஷம் மாக்ஸ் முல்லர் இதை மறுத்து எழுதினார். 1895இல் ஆக்ரா அரசுக் கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் ஹெமிஸுக்கே நேரில் போய்த் தலைமை லாமாவிடம் கேட்டார். அப்படி ஒரு சுவடியும் இல்லை, அப்படி ஒருவரும் வரவில்லை என்று பதில் வந்தது. பின்னால் ராமகிருஷ்ண மடத்து அபேதானந்தர் 1922இல் அங்கே போய்ச் சுவடியைக் கண்டதாகச் சொன்னார். ஆனால் மூலச் சுவடி இன்றுவரை அறிஞர் கைக்கு வரவில்லை.

இரண்டாவது கதை, இஸ்லாத்தில் கிளைத்த அகமதிய இயக்கத்தைத் தொடங்கிய மிர்சா குலாம் அகமது 1899இல் எழுதியது. இயேசு சிலுவையில் மயங்கினார், சாகவில்லை, கிழக்கே நடந்து காஷ்மீர் வந்து முதுமையில் இறந்தார், ஸ்ரீநகர் கான்யார் பகுதியில் ரோசாபால் என்ற தர்காவில் "யூஸ் ஆசாப்" என்ற பெயரில் அடக்கமானார் என்பது வாதம். அகமதிய நண்பர்களுக்கு இது மதநம்பிக்கை, அதை நான் மதிக்கிறேன். வரலாற்று வாதமாக மட்டும் எடுத்துப் பார்க்கிறேன்.

யூஸ் ஆசாப் யார்? இங்கேதான் எனக்குத் தெரிந்த அழகான சொல்வரலாறுகளில் ஒன்று இருக்கிறது. புத்தரின் கதை, அரண்மனையை விட்டு வெளியேறிய இளவரசன் கதை, பாரசீகம் வழியாக அரபுக்குப் போனது. "போதிசத்துவ" என்பது அரபியில் "பூதாசப்" ஆனது. அரபு எழுத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப-வுக்குக் கீழே ஒரு புள்ளி, ய-வுக்குக் கீழே இரண்டு புள்ளி, உருவம் ஒன்றேதான். படியெடுத்த ஒருவர் கையில் ஒரு புள்ளி கூடியது. பூதாசப் யூதாசப் ஆனார், பிறகு யூஸ் ஆசாப். அந்தக் கதை ஜார்ஜிய மொழிக்கும், அங்கிருந்து கிரேக்கத்துக்கும், லத்தீனுக்கும் போனபோது "யோசபாத்" என்ற கிறிஸ்தவ இளவரசனாக மாறியது. ரோமத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27 அன்று யோசபாத்தின் பெயர் இடம்பெற்றிருந்தது. ஒரு புள்ளியின் தயவில் புத்தர் கிறிஸ்தவப் புனிதர் ஆனார்! அரபு வடிவத்தில் யூஸ் ஆசாப் இறப்பது காஷ்மீரில். அது புத்தர் மறைந்த குசிநாரா என்ற ஊர்ப்பெயர் திரிந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, ஸ்ரீநகர்க் கல்லறைக்கு ஒட்டியிருக்கும் பெயர் இயேசுவிடமிருந்து வந்ததல்ல, சித்தார்த்தரிடமிருந்து வந்தது.

"அப்போ இயேசுவோட சீடர் தோமா மயிலாப்பூர் வந்ததும் கதைதானா?" என்று அக்கா மகன் கேட்டான். இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது. தோமா இந்தியா வந்தார் என்பதைச் சொல்லும் சிரியாக் நூல் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. அதில் வரும் கோண்டபோரஸ் என்ற அரசன் கற்பனை என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கில் அவன் நாணயங்கள் கிடைத்தன, முதல் நூற்றாண்டுக்காரன்தான். அது மயிலாப்பூரை நிரூபித்துவிடாது. ஆனால் பழைய மரபு என்றால் எப்படி இருக்கும் என்பதைக் காட்டுகிறது. நொட்டோவிச்சிடம் அப்படி ஒன்றும் இல்லை.

எனவே காஷ்மீர்க் கோட்பாட்டை இயேசுவுக்காகப் படிக்க வேண்டாம் என்றேன். புத்தர் கதை மேற்கே நடந்துபோன வழியைப் படி, அது இதைவிடப் பெரிய வியப்பு. தவறான கோட்பாட்டிலிருந்து இவ்வளவு மிஞ்சுவது அபூர்வம்.

அந்தச் சுருள்கள் கிடைத்த கும்ரான் பக்கம் போனால், 1947இல் சாக்கடல் சுருள்கள் கிடைத்ததிலிருந்தே அவற்றில் கிறிஸ்தவத்தைத் தேடியவர்கள் உண்டு. அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஐசன்மன், சுருள்களில் வரும் "நீதியின் ஆசான்" வேறு யாருமல்ல, இயேசுவின் சகோதரன் யாக்கோபுதான், "பொய்யன்" என்று திட்டப்படுபவர் பவுல் என்றார். பவுலுக்கும் யாக்கோபுக்கும் இடையே இருந்த விரிசலை அவர் பெரிதாக்கிக் காட்டியது நல்லதுதான். சபைகள் அதை மூடி மெழுகியிருக்கின்றன. ஆனால் அந்த ஆசானைப் பற்றிப் பேசும், ஆபகூக் தீர்க்கதரிசி நூலுக்கான உரைச்சுருளை 1990களில் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது முடிவு கி.மு. பக்கமே நின்றது. யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்டது கி.பி. 62இல். கணக்கு இடிக்கிறது. இருந்தாலும் சுருள்களை விட்டுவிடக்கூடாது. நான்காம் குகைச் சுருள் ஒன்று, மேசியா காலத்தில் குருடர் பார்வையடைவதையும், மரித்தோர் உயிர்பெறுவதையும், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. லூக்கா 7ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகனுக்கு இயேசு சொல்லியனுப்பும் பதிலின் அருகில் அதை வைத்துப் படித்தால், இயேசு எந்தத் தண்ணீரில் நீந்திய மீன் என்று தெரியும்.

கடைசியில் போட்டிக்கு நிற்பவை இரண்டு.

இயேசு என்ற மனிதரே இல்லை என்பது முதலாவது. இதை இணையக் குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஜெர்மனியில் புரூனோ பவுவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பாதையில் போனார், 1842இல் பான் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லும் உரிமையை இழந்தார். 1909இல் ஆர்தர் ட்ரூஸ் எழுதியபோது ஜெர்மனியில் பொதுமேடை விவாதங்களே நடந்தன. நம் காலத்தில் கேரியர் 2014இல் நிகழ்தகவுக் கணிதத்தை வைத்து, இயேசு வாழ்ந்திருக்கும் வாய்ப்பு அதிகபட்சம் மூன்றில் ஒன்று என்று முடிவுகட்டினார். இவர்களின் வலுவான கேள்வி இதுதான்: பவுல் ஏன் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்? கலிலேயா இல்லை, உவமைகள் இல்லை, இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய ரோம ஆளுநர் பிலாத்து பெயர்கூட அந்த ஏழு நிருபங்களில் இல்லை. ஞாயிறு பள்ளியில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நானாகக் கண்டபோது பல நாள் தூக்கம் கெட்டது.

ஆனால் அந்தப் பதினைந்து நாள் இங்கேயும் குறுக்கே நிற்கிறது. "கர்த்தருடைய சகோதரன்" என்பது ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் பொதுப் பட்டம் என்கிறார் கேரியர். அப்படியென்றால் அதே வாக்கியத்தில் பேதுருவுக்கு ஏன் அந்தப் பட்டம் இல்லை? கொரிந்தியருக்கு எழுதும்போதும் "கர்த்தருடைய சகோதரர்" ஒரு பக்கம், கேபா (பேதுருவின் இன்னொரு பெயர்) இன்னொரு பக்கம் என்று பவுல் பிரித்தே சொல்கிறார். யோசேப்பஸும் "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்" யாக்கோபின் சாவைக் குறிப்பிடுகிறார். யோசேப்பஸில் இயேசுவைப் பற்றி வரும் இன்னொரு நீண்ட பத்தியில் கிறிஸ்தவர் கை பட்டிருக்கிறது என்பதை ஏறக்குறைய எல்லாரும் ஏற்கிறார்கள். யாக்கோபைப் பற்றிய இந்தச் சின்ன வரியில் அப்படிச் சந்தேகிக்கப் பெரும்பாலோர் காரணம் காணவில்லை. இந்த முகாமின் மூத்தவரான ஜி. ஏ. வெல்ஸ், 1990களில் தன் நிலையைத் தளர்த்தி, கலிலேயாவில் ஒரு போதகர் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். தன் வாதத்தைத் தானே திருத்தியவர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

இரண்டாவது, இயேசு ரோம ஆட்சிக்கு எதிரான கலகக்காரர் என்பது. ஹாம்பர்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த ரைமாரஸ் இதை ரகசியமாக எழுதி வைத்துவிட்டு 1768இல் இறந்தார். ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் அதைத் துண்டுகளாக, எழுதியவர் பெயரில்லாமல் 1774 முதல் 1778 வரை வெளியிட்டார். 1967இல் எஸ். ஜி. எஃப். பிராண்டன் அதை முழு வரலாற்று வாதமாக வளர்த்தார். அவரும் அலெக்ரோவின் அதே மான்செஸ்டர்காரர்தான்.

இதன் பலம், பெரும்பாலான வரலாற்றறிஞர்கள் மறுக்காத ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது. சிலுவை, ரோமர்கள் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை. யூதேயாவின் அரசன் ஏரோது செத்தபின் எழுந்த கிளர்ச்சியில் ரோம ஆளுநர் வாருஸ் ஏறக்குறைய 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தார். இயேசுவின் தலைக்குமேல் எழுதிய குற்றம் "யூதருடைய ராஜா". நம் தமிழ் வேதாகமத்தில் அவரோடு அறையப்பட்டவர்கள் "இரண்டு கள்ளர்". மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் யோசேப்பஸ் ஆயுதமேந்திய கிளர்ச்சிக்காரர்களுக்கும் பயன்படுத்துகிறார். கோழி திருடியவனை யாரும் சிலுவையில் அறைவதில்லை. சீடர்களில் ஒருவர் செலோத்தே என்னப்பட்ட சீமோன்; செலோத்தியர் என்பது ரோமுக்கு எதிராகப் போராடிய ஒரு கட்சியின் பெயர். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான பரபாஸ் கலகத்தில் பிடிபட்டவன். பட்டயம் இல்லாதவன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்று வாங்கட்டும் என்று லூக்காவில் இயேசுவே சொல்கிறார். பழைய வசனங்கள்தான், ஆனால் இப்படி வரிசையில் வைத்ததும் வேறு முகம் காட்டுகின்றன.

பலவீனமும் உண்டு. சில வருஷம் கழித்துத் தெயுதாஸ் என்பவன் கூட்டம் சேர்த்தபோது ரோமக் குதிரைப்படை போய் அவனையும் அவனோடு இருந்த பலரையும் வெட்டியது. எகிப்திலிருந்து வந்த ஒரு தீர்க்கதரிசியின் கூட்டத்தில் 400 பேரை ரோம ஆளுநர் பேலிக்ஸ் கொன்றதாக யோசேப்பஸ் கணக்கு சொல்கிறார். இயேசு விஷயத்தில் கொன்றது அவர் ஒருவரைத்தான். அவர் ஆட்கள் அதே எருசலேமில் 30 வருஷம் குடியிருந்தார்கள், பவுல் விருந்தாளியாகப் போய்த் தங்கும் அளவுக்கு. அது ஆயுதக் கூட்டமாக இருந்திருந்தால் பிலாத்து விட்டிருப்பாரா? செலோத்தியர் என்ற பெயரில் ஒரு கட்சி யோசேப்பஸில் தெளிவாக வருவதும் போர்க்காலத்தில்தான். பிராண்டனும் இயேசு அந்தக் கட்சி உறுப்பினர் என்று சொல்லவில்லை, அவர்கள் நோக்கத்தோடு ஒத்துப்போனவர் என்றுதான் சொன்னார்.

ஆனாலும் அவனுக்கு நான் சொன்னது இதைத்தான். இயேசு இல்லை என்ற வாதத்தை நியாயமாக எடைபோடக் கிரேக்கமும் நிகழ்தகவும் கொஞ்சமாவது வேண்டும், இல்லையென்றால் வாதிடுபவர் சொன்னதே வேதமாகிவிடும். கலகக்காரர் கோட்பாட்டைப் படிக்கிறவன் அதை நிராகரித்து முடித்தாலும், முதல் நூற்றாண்டு யூதேயா அவன் கைக்கு வந்துவிடுகிறது. கி.பி. 6இல் குடிமதிப்பு எடுத்தபோது எழுந்த கலிலேயனாகிய யூதாஸ், பிலாத்து இரவோடிரவாக எருசலேமுக்குள் கொண்டுவந்த ராணுவக் கொடிகள், ஆலயக் கருவூலத்தில் ரோமர் கைவைத்தது, பஸ்கா பண்டிகைக்குப் பண்டிகை கூடிய பதற்றம், எல்லாம். இது தெரியாமல் மற்ற எந்தக் கோட்பாட்டையும், ஏன் சபை சொல்வதையும்கூட, எடைபோட முடியாது. இயேசு இல்லை என்ற வாதம் இரண்டாவதாக வரட்டும், ஆறு மாதம் கழித்து.

வரிசையும் சொன்னேன். முதலில் கலாத்தியர் நிருபம், ஆறே அதிகாரம், ஒரு மணி நேரம் போதும். அப்புறம் யோசேப்பஸின் யூதப் போர் வரலாற்றில் இரண்டாம் புத்தகம். அதன் பிறகே பிராண்டன், கூடவே அவரை மறுத்தவர்கள்.

போன வாரம் போன் பண்ணினான். யோசேப்பஸில் பிலாத்து வரும் இடத்தில் நிற்கிறான். "மாமா, கோயில் பணத்துல தண்ணிக் கால்வாய் கட்டினா ஜனங்க ஏன் கலகம் பண்ணாங்க? தண்ணி அவங்களுக்குத்தானே?" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.